யூபிக் மொழிக்கு உருபனியல் பகுப்பாய்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாஸ்காவில் சில நூறு பேர் பேசும் ஒரு மொழிக்குக் கணினி நிரல் எழுதுகிறார்கள் என்று சொன்னால், கேட்பவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் தமிழில் இதே மாதிரிக் கருவிகளோடு மல்லுக்கட்டுகிறவன். யூபிக் பேசத் தெரியாது. இலக்கண நூல், ஆய்வுக் கட்டுரைகள் வழியாகத்தான் அந்த மொழி எனக்குப் பழக்கம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

யூபிக் என்பது ஒரு மொழியா, பலவா?

பல. அலாஸ்காவின் தென்மேற்கில் பேசப்படும் மத்திய யூப்பிக்தான் அவற்றில் பெரியது. பேசுபவர்கள் சுமார் 10,000 பேர். அலூட்டிக், நௌக்கான் ஆகியவையும் இதே குடும்பம். நான் இங்கே எடுத்துக்கொள்வது செயின்ட் லாரன்ஸ் தீவு யூபிக். பேரிங் கடலில் உள்ள அந்தத் தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் பக்கத்தில் இருப்பது ரஷ்யக் கரை. தீவில் கேம்பெல், சவூங்கா என்று இரண்டே ஊர்கள். எதிர்க்கரையில் சுகோத்கா தீபகற்பத்திலும் இதே மொழிதான். அலாஸ்கா பக்கம் 800 முதல் 900 பேர், ரஷ்யப் பக்கம் 200 பேர் அளவில் நன்றாகப் பேசக்கூடியவர்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் சிறு பிள்ளைகள் குறைவு. ஒரு தலைமுறைக்கு முன்புவரை தீவில் பிள்ளைகளின் முதல் மொழி இதுதான். இப்போது ஆங்கிலம் அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

மொழியின் பெயரே நம் பாடத்துக்கு முதல் எடுத்துக்காட்டு. 'யுக்' என்றால் மனிதர். 'பிக்' என்பது 'அசலான' என்று பொருள் தரும் ஒட்டு. யுக் + பிக் = யுபிக். நடுவில் இருந்த க் காணாமல் போனதைக் கவனியுங்கள். கருவிக்கு இருக்கும் தலைவலியில் பாதி அந்த ஓர் எழுத்துதான்.

பழைய நூல்களின் தலைப்பில் 'எஸ்கிமோ' என்றிருக்கும். அம்மக்களில் பலருக்கு அந்தச் சொல் பிடிக்காது, நாமும் விட்டுவிடலாம்.

உருபனியல் பகுப்பாய்வி என்றால் என்ன?

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருப்பீர்கள். 'வந்தனன்' என்பதைப் பிரித்து, வா பகுதி, அது 'வ' எனக் குறுகியது விகாரம், த் சந்தி, அது ந் ஆனது விகாரம், த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, இன்னொரு அன் ஆண்பால் வினைமுற்று விகுதி என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கினோமே, அதைக் கணினி செய்தால் அதுதான் உருபனியல் பகுப்பாய்வி. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதன் உறுப்புகளையும் ஒவ்வொன்றின் வேலையையும் திருப்பித் தரும். திசையை மாற்றினால், உறுப்புகளைக் கொடுத்துச் சொல்லையும் வாங்கலாம்.

யூபிக் சொற்கள் அவ்வளவு நீளமா? ஒன்றைப் பிரித்துக் காட்டுங்கள்.

காட்டுகிறேன். இந்த மொழியின் ஒலிகள் தமிழ் எழுத்துக்குள் சரியாக அடங்காது. அடித்தொண்டையில் உரசி வரும் ஓர் ஒலிக்கு 'ஹ்' என்று போட்டிருக்கிறேன், தோராயம்தான்.

மங்தெஹஹ்லங்லஹ்யுக்துகுத்.

'நாங்கள் ஒரு பெரிய வீடு கட்ட ஆசைப்படுகிறோம்' என்ற முழு வாக்கியமும் இந்த ஒரே சொல். உறுப்புகள் இவை: மங்தெஹஹ் (வீடு), ஹ்லக் (பெரிய), ங்லஹ் (கட்டு), யுக் (ஆசைப்படு), து (செயப்படுபொருள் குன்றிய சாதாரணக் கூற்றுவினை), குத் (நாங்கள்).

இப்போது உறுப்புகளை அப்படியே கோத்துப் பாருங்கள், மேலே உள்ள சொல் வராது. வீட்டின் ஈற்றில் இருந்த ஹ் போய்விட்டது. ஹ்லக் என்பதன் க் போய்விட்டது. ஆனால் ங்லஹ் தன் ஹ்-ஐ விடவில்லை, யுக் தன் க்-ஐ விடவில்லை. ஏன் இரண்டு போயின, இரண்டு நின்றன? பின்னால் வந்து ஒட்டுகிற உறுப்புதான் அதைத் தீர்மானிக்கிறது. சில ஒட்டுகள் முன்னால் இருப்பதன் ஈற்றைத் தின்றுவிடும், சில தொடாது. நன்னூல் இதைக் கெடுதல் விகாரம் என்று சொல்லும்.

இன்னொரு சொல்: அங்யஹ்லங்யுக்துக்லு. 'அதோடு, அவருக்கு ஒரு பெரிய படகு வாங்கவும் ஆசை' என்ற மாதிரிப் பொருள். 'அங்யக்' என்றால் படகு. முதல் சொல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஹ்ல, யுக், து மூன்றும் இதிலும் இருக்கின்றன. 'கட்டு' இருந்த இடத்தில் 'அடை' என்று பொருள்படும் ங் நிற்கிறது. 'குத்' இருந்த இடத்தில் படர்க்கை ஒருமைக்கான க். அவனா அவளா என்ற பேதம் இந்த மொழியில் கிடையாது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'லு' நம்முடைய 'உம்' போல.

வேர், அதன்பின் ஆக்க ஒட்டுகள், அதன்பின் விகுதி, விரும்பினால் 'லு' போன்ற ஓர் இடைச்சொல். அமைப்பு இவ்வளவுதான். ஆக்க ஒட்டுகள் ஏழு வரை அடுக்கப்பட்ட சொற்கள் பதிவாகியிருக்கின்றன. முன்னொட்டு என்று பார்த்தால் சுட்டுச் சொற்களில் வரும் 'த' ஒன்றே ஒன்று.

அவர்களுக்குப் பனியைக் குறிக்க நூறு சொற்கள் உண்டாமே?

இதைக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1911-ல் யூபிக்கின் உறவு மொழியான இனுவிட்டிலிருந்து எடுத்துக்காட்டியது நான்கு வேர்கள். அது கைமாறிக் கைமாறி நூறாகிவிட்டது. வேர்களை எண்ணினால் எண்ணிக்கை சாதாரணம்தான். ஒட்டுச் சேர்த்த வடிவங்களை எண்ணினால் பனிக்கு மட்டுமா, படகுக்கும் வீட்டுக்கும்கூட எண்ணி முடியாது.

நல்ல அகராதி இருந்தால் போதாதா, கருவி எதற்கு?

அகராதி இருக்கிறது. 2008-ல் அலாஸ்கா தாய்மொழி மையம் வெளியிட்ட இரண்டு தொகுதி அகராதி, தீவுக்காரர்களும் சேர்ந்து உருவாக்கியது. ஆனால் அகராதியில் இருப்பது வேர்களும் ஒட்டுகளும். புத்தகத்தில் கண்ணில் படுவது மேலே பார்த்த மாதிரிச் சொல். படிக்கத் தொடங்கும் ஒரு பேரப்பிள்ளை அதை அகராதியில் எந்த எழுத்தில், எந்த வடிவத்தில் தேடும்? வேர் முன்னால் வருவதால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். அது எங்கே முடிகிறது, ஈற்றில் எது கெட்டது என்பது பாடம் படித்தவருக்குத்தான் தெரியும்.

மொழியைப் பதிவு செய்கிறவர்களின் பிரச்சினை வேறு. ஒரு மூப்பர் சொன்ன கதையை ஒலிப்பதிவு செய்து, எழுதி, ஒவ்வொரு சொல்லின் கீழும் உறுப்புகளையும் பொருளையும் வரிசையாக எழுத வேண்டும். அப்படி எழுதினால்தான் பிற்காலத்தில் வேறொருவர் அதைப் பயன்படுத்த முடியும். சில நிமிடப் பேச்சுக்கே நாள்கணக்கில் வேலை. பெரும்பாலான பதிவுகள் இந்தக் கட்டத்திலேயே பெட்டியில் தூங்குகின்றன. கருவி முதல் வரைவைப் போட்டுக் கொடுத்தால் மனிதர் திருத்துகிற வேலை மட்டும் மிஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. இந்த மாதிரி மொழிகளில் ஒரு நூலில் வரும் சொற்களில் பெரும்பகுதி அந்த நூலில் ஒரே ஒருமுறைதான் வரும். சொல்லை எண்ணி, அடுத்த சொல்லை ஊகிக்கும் கணினி முறைகள் எல்லாம் அங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். உறுப்பாக உடைத்துக் கொடுத்தால்தான் அவற்றுக்கு எண்ணுவதற்கே ஏதாவது கிடைக்கும்.

உள்ளே எப்படி வேலை செய்கிறது?

இந்தத் தீவு மொழிக்கு 2018-ல் எமிலி சென், லேன் ஷ்வார்ட்ஸ் இருவரும் ஒரு பகுப்பாய்வியை வெளியிட்டார்கள். ஸ்டீவன் ஜேக்கப்சன் 2001-ல் எழுதிய இலக்கணத்தை எடுத்து, அதிலுள்ள விதிகளைக் கணினிக்குப் புரியும்படி எழுதினார்கள். பயன்படுத்திய மென்பொருள் ஃபோமா. மான்ஸ் ஹுல்டன் உருவாக்கியது, இலவசம், திறந்த மூலம்.

முறை பழையது. 1983-ல் ஃபின்லாந்தின் கிம்மோ கொஸ்கென்னியெமி ஃபின்னிய மொழிக்குச் செய்து காட்டியது இதன் முன்னோடி. ஒரு ரயில் பாதை வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் நிலையத்தில் எல்லா வேர்களும் நிற்கின்றன. பெயர் வேரில் ஏறினால் பெயரோடு ஒட்டக்கூடிய ஒட்டுகள் இருக்கும் நிலையத்துக்குத்தான் பாதை உண்டு. 'கட்டு' என்ற ஒட்டைக் கடந்தால் பெயர் வினையாகிவிடுகிறது, அதன்பின் வினைப் பாதைதான். விகுதி வந்தால் கடைசி நிலையம். பாதையின் ஒரு தண்டவாளத்தில் உறுப்புகளின் பெயர்கள், மறு தண்டவாளத்தில் உண்மையில் எழுதப்படும் எழுத்துகள். எழுத்துகள் வழியே போனால் பகுப்பு கிடைக்கும், உறுப்புகள் வழியே போனால் சொல் கிடைக்கும்.

இரண்டு கோப்புகள் எழுத வேண்டும். ஒன்றில் வேர்களும் ஒட்டுகளும், எதன்பின் எது வரலாம் என்பதும். இன்னொன்றில் புணர்ச்சி விதிகள். பெயர்களுக்கு ஏழு வேற்றுமை, ஒருமை இருமை பன்மை என மூன்று எண், 'என்னுடைய', 'உங்கள் இருவருடைய' என்று உடைமை விகுதிகள் வேறு. வினையில் எழுவாயும் செயப்படுபொருளும் சேர்ந்தே விகுதியாக வரும். பட்டியல் பெரிதுதான், ஆனால் பட்டியல் போடுவது கடினமில்லை. பொறுமை இருந்தால் போதும்.

அப்படியானால் கடினம் எங்கே?

புணர்ச்சியில். ஜேக்கப்சனின் நூலில் ஒவ்வோர் ஒட்டுக்கு முன்னும் சிறு குறிகள் இருக்கும். கழித்தல் குறி போட்டிருந்தால் முன்னால் உள்ள ஈற்று மெய் கெடும். கூட்டல் குறி என்றால் மெய் நிற்கும். இப்படி இன்னும் சில குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. வகுப்பறையில் மாணவருக்கு இது அருமையான ஏற்பாடு. கணினிக்கு எழுதும்போதுதான் வரிசை என்ற சிக்கல் வருகிறது.

நம் 'மரத்திலிருந்தும்' என்பதை எடுங்கள். மரம் + இல் சேர்ந்து மரத்தில் ஆகிறது. அதோடு இருந்து சேர்கிறது. அதன்பின் உம் சேரும்போது 'து'வின் உகரம் கெடுகிறது. எல்லா உறுப்புகளையும் முதலில் கோத்துவிட்டு, கடைசியில் எல்லா விதிகளையும் ஒரே வீச்சில் ஓடவிட்டால் மூன்றாவது சந்திக்கு உரிய விதி முதல் சந்தியில் போய்க் கை வைக்கும். தமிழில் இரண்டு மூன்று சந்திகள்தான், சமாளிக்கலாம். ஐந்தாறு சந்திகள் உள்ள யூபிக்கில் முடியாது. சென்னும் ஷ்வார்ட்ஸும் செய்தது: ஓர் ஒட்டைச் சேர், அதற்கான விதிகளை ஓட்டு, வந்த விடையோடு அடுத்த ஒட்டைச் சேர், மறுபடி ஓட்டு. மாலை கட்டுகிறவர் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு முடிச்சுப் போடுவது போல. 2020-ல் ஹயிலி பார்க்கும் சேர்ந்து வேறோர் இலக்கணக் கோட்பாட்டின் அடிப்படையில் இதை மாற்றி எழுதினார்கள்.

எழுத்துமுறை ஒன்றுதானா?

இரண்டு. அலாஸ்காவில் ரோமன், ரஷ்யாவில் சிரிலிக். அதுகூடப் பரவாயில்லை. ரோமன் எழுத்துமுறைக்குள்ளேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. தொண்டையில் குரல்நாண் அதிராமல் ஒலிக்கும் உரசொலியைக் காட்ட எழுத்தை இரட்டிப்பார்கள். பக்கத்தில் அதிராத இன்னொரு மெய் இருந்தால் ஒலி எப்படியும் தெரியும் என்பதால் ஒற்றையாகவே எழுதிவிடுவார்கள். நமக்கு இது புதிதல்ல. 'அக்கா'விலும் 'அகம்' என்பதிலும் க வேறுவேறாக ஒலிக்கிறது, இடத்தைப் பார்த்துப் படித்துவிடுகிறோம். தமிழ் படிக்கும் வெளிநாட்டவர் இதற்குத் திணறுகிற மாதிரி, ஆங்கிலப் பள்ளியில் படித்த தீவுப் பிள்ளைகளும் திணறுகிறார்கள். ஷ்வார்ட்ஸும் சென்னும் முதலில், 2017-ல், இதற்குத்தான் இணையக் கருவி ஒன்று வெளியிட்டார்கள். பகுப்பாய்விக்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை இது. தமிழில் ஒருங்குறி வருவதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டு அல்லாடியவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு சொல்லைப் பல விதமாகப் பிரிக்க முடிந்தால்?

எல்லாவற்றையும் கருவி கொட்டும். ஒட்டுகள் சிறியவை, ஈறுகள் கெடுகின்றன, அதனால் தற்செயலாகப் பொருந்தும் பிரிப்புகள் குவியும். குறைந்த உறுப்புகள் உள்ள பிரிப்பை முதலில் வைப்பது பழைய வழக்கம், பெரும்பாலும் பலிக்கும். பலிக்காத இடத்தில் மொழி தெரிந்தவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார், 'சீ, அப்படி யார் பேசுவார்கள்?' என்று.

கருவிக்குத் தெரியாத சொல் வந்தால்?

'தெரியாது' என்று சொல்லும். விதிமுறைக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது.

என் அனுபவத்தில் முதல் ஆறு மாதம் கருவி பிரித்துக் கொடுத்த சொற்களைப் பார்த்துத்தான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். அப்புறம்தான் பிரிக்காமல் விட்ட சொற்களின் பட்டியலைப் பொறுமையாகப் படித்தேன். சரக்கு முழுக்க அங்கேதான் இருந்தது. ஒரு பகுதி என் தட்டச்சுப் பிழை. ஒரு பகுதி மூல நூலின் அச்சுப்பிழை. ஒரு பகுதி ஆட்களின் பெயர், ஊரின் பெயர். இவற்றையெல்லாம் கழித்தபின் மிஞ்சிய சொற்களில், இலக்கண நூல் சொல்லாமல் விட்ட ஒரு விதி ஒளிந்திருந்தது.

யூபிக்கிலும் இதுதான் நடக்கிறது. இலக்கண நூலைக் கணினிக்கு எழுதுவது அந்த நூலுக்கு வைக்கும் தேர்வு. மனிதர் படிக்கும்போது 'முதலியன' என்று இருந்தால் புரிந்துகொண்டு போய்விடுவார், கணினி அங்கேயே நின்றுவிடும். நூலில் இருக்கும் எடுத்துக்காட்டையே நூலில் இருக்கும் விதியால் உருவாக்க முடியவில்லை என்றால், ஒன்று விதியில் ஓட்டை, அல்லது எடுத்துக்காட்டில் தவறு, அல்லது இன்னும் யாரும் கவனிக்காத ஏதோ ஒன்று. பட்டியலை எடுத்துக்கொண்டு பேசுகிறவர்களிடம் போக வேண்டும். 'இந்தச் சொல்லைச் சொல்வீர்களா? எப்போது? இதற்குப் பதில் இப்படிச் சொன்னால்?' எதையாவது சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு உட்கார்வதற்கும், கையில் இருநூறு சொற்களோடு உட்கார்வதற்கும் நிறைய வித்தியாசம். ஆவணப்படுத்தலில் இந்தக் கருவியால் கிடைக்கும் பெரிய லாபம் என்று எதைச் சொல்வாய் என்று கேட்டால், இந்தப் பட்டியலைத்தான் சொல்வேன்.

சுகோத்காவில் சிரேனிக் என்று ஓர் உறவு மொழி இருந்தது. அதைப் பேசிய கடைசிப் பெண்மணி 1997-ல் இறந்துபோனார். சிரேனிக்குக்கும் ஏட்டில் இலக்கணம் உண்டு, பகுப்பாய்வி எழுதலாம். தெரியாத சொற்களின் பட்டியலும் வரும். கொண்டுபோய்க் கேட்கத்தான் ஆள் இல்லை.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் பழையதாக்கிவிடவில்லையா?

பாதிக் கேள்விக்கு ஆமாம். 2019-ல் ஷ்வார்ட்ஸ், சென், பென்ஜமின் ஹண்ட், சில்வியா ஷ்ரைனர் ஆகியோர் இதே மொழியில் ஒரு நரம்பிணையக் கருவியை, அதாவது விதிகளை எழுதித் தராமல் எடுத்துக்காட்டுகளைப் பார்த்தே பழகும் கருவியைப் பயிற்றுவித்தார்கள். வேற்றுமை ஏற்ற பெயர்ச்சொற்களுக்கு மட்டும். பயிற்சிக்கு லட்சக்கணக்கான எடுத்துக்காட்டுகள் வேண்டுமே, அவ்வளவு யூபிக் உரைக்கு எங்கே போவது? விதிக் கருவியையே தலைகீழாக ஓடவிட்டுச் சொற்களை உற்பத்தி செய்தார்கள். சொல்லும் அதன் பகுப்பும் சோடி சோடியாகக் கிடைத்தன. அதில் படித்த நரம்பிணையம், புத்தகங்களில் உண்மையாக வரும் சொற்களில் விதிக் கருவி சுமார் 75 சதவீதத்துக்கு விடை சொன்ன இடத்தில் 100 சதவீதத்துக்கும் விடை சொன்னது. தனியாக எடுத்து வைத்திருந்த சோதனைச் சொற்களில் விதிக் கருவியின் துல்லியம் 78.9 சதவீதம், நரம்பிணையத்தின் துல்லியம் 92.2 சதவீதம். சீடன் குருவை மிஞ்சிவிட்டான்.

சரி, ஆனால் அந்த 100 சதவீதத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். எதைக் கொடுத்தாலும் விடை சொல்லும் என்பதுதான் அதன் பொருள். தட்டச்சுப் பிழையைக் கொடுத்தாலும் சொல்லும். 'தெரியாது' என்று சொல்லத் தெரியாத உதவியாளரிடமிருந்து முன் கேள்வியில் சொன்ன பட்டியல் கிடைக்காது. நானாக இருந்தால் முதலில் விதிக் கருவி, அது கைவிட்ட சொற்களுக்கு மட்டும் நரம்பிணையம், அதன் விடைகளுக்கு வேறு நிறம், இப்படி வைத்துக்கொள்வேன். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: குரு இல்லாமல் இந்தச் சீடனே கிடையாது.

விதிக் கருவி இல்லாமல், கையால் பிரித்த எடுத்துக்காட்டுகளை மட்டும் கொடுத்துப் பழக்கினால்? 2023-ல் சொல்லுக்குக் கீழே பொருள் எழுதும் வேலையை ஏழு மொழிகளுக்கு ஒரு பொதுப் போட்டியாக வைத்தார்கள். அதில் கனடாவின் கிட்சான் மொழிக்குப் பயிற்சிக்குக் கிடைத்தவை 31 வாக்கியங்கள். பல ஆயிரம் வாக்கியங்கள் இருந்த மொழிகளில் நல்ல விடை வந்தது, கிட்சானில் எல்லாருமே தடுமாறினார்கள்.

சாட்பாட்டிடம் கேட்டால் பிரித்துத் தராதா?

தரும். அழகாக, அட்டவணை போட்டுத் தரும். மத்திய யூப்பிக்கையும் தீவு யூபிக்கையும் கலந்து, இல்லாத ஓர் ஒட்டைச் சேர்த்துத் தந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. தவறு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு அந்த உதவி தேவையில்லை, தேவைப்படுகிறவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது.

மொழி ஆய்வாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் மென்பொருளில் இந்த வசதி இல்லையா?

இருக்கிறது. ஃபீல்ட்வொர்க்ஸ் என்ற மென்பொருளுக்குள்ளேயே பகுப்பாய்வி உண்டு, கிளிக் செய்து விதிகளைச் சேர்க்கலாம், நிரல் எழுதத் தெரியாதவருக்கு நல்ல தொடக்கம். யூபிக் மாதிரி ஆறு சந்தி உள்ள மொழி என்றால் சீக்கிரமே சுவரில் முட்டும்.

தீவில் இருப்பவர்களுக்கு இதனால் என்ன?

நேரடியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. பகுப்பாய்வியின் விடையைப் பார்த்து யாரும் மொழி கற்றுக்கொள்ளப் போவதில்லை. அதன் மேல் கட்டுவதுதான் பயன்படும். எந்த வடிவத்தில் தட்டினாலும் வேரைக் கண்டுபிடிக்கும் அகராதி. பகுக்க முடிகிற சொல் சரி, முடியாததற்குச் சிவப்புக் கோடு என்ற எளிய உத்தியில் எழுத்துப்பிழை திருத்தி. ஒரு பெயருக்கு எல்லா விகுதிகளையும் வரிசையாகக் காட்டும் பயிற்சித்தாள். யூபிக் ஆசிரியர் இப்போது அதைக் கையால் எழுத வேண்டும், சில நூறு வடிவங்கள். கிரீன்லாந்தில் இதே நுட்பத்தில் செய்த எழுத்துப்பிழை திருத்தி புழக்கத்தில் இருக்கிறது. நார்வேயின் துரும்சோவில், வட ஐரோப்பியப் பழங்குடிகளான சாமி மக்களின் மொழிகளுக்காகக் கட்டிய கட்டமைப்பைக் கிரீன்லாந்துக்காரர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். இனுவிட் மொழிகளில் ஒன்றான இனுக்டிட்டுட்டுக்குக் கனடாவில் பகுப்பாய்வி உண்டு, போதாக்குறைக்கு அங்குள்ள நுனாவுட் பிரதேசத்தின் சட்டமன்ற நடவடிக்கைகள் சுமார் 13 லட்சம் வாக்கியங்கள் ஆங்கில மொழிபெயர்ப்போடு கிடைக்கின்றன. சட்டமன்றமே அந்த மொழியில் நடந்தால் தரவு தானாகச் சேரும்! அலாஸ்கா 2014-ல் தீவு யூபிக் உட்பட 20 தாய்மொழிகளை ஆட்சிமொழி என்று சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தால் உரை எதுவும் சேரவில்லை.

அப்படியானால் யூபிக் உரை எங்கிருந்து வந்தது?

பள்ளிக்காக அச்சிட்ட பழைய நூல்களிலிருந்து. மூப்பர்கள் சொன்ன வரலாறும் கதைகளும் 1980-களில் மூன்று தொகுதிகளாக வந்தன. வால்ரஸ் வேட்டை, திமிங்கில வேட்டை, குடிவழி எல்லாம் அதில் உண்டு. இப்படிப்பட்ட நூல்களை வருடி, எழுத்தாக மாற்றி, பிழை திருத்தி ஒரு மின்தொகுப்பு 2021-ல் வெளிவந்தது. வருடிய பக்கத்தை எழுத்தாக மாற்றும் நிரல் ஆங்கிலத்துக்குப் பழகியது, வரிசையாக இரட்டித்து வரும் எழுத்துகளைப் பார்த்தால் தடுமாறும். அங்கேயும் பகுப்பாய்விதான் கைகொடுக்கிறது: பிரியாத சொல் என்றால், முதலில் அசல் பக்கத்தை எடுத்துப் பார்.

இந்தத் தரவும் கருவியும் யாருக்குச் சொந்தம்?

நிரலைத் திறந்த மூலமாக வெளியிடுவதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. ஒரு பாட்டி தன் பேத்திக்குச் சொன்ன கதையை அப்படிச் செய்யலாமா என்பது வேறு கேள்வி. செயின்ட் லாரன்ஸ் தீவு மக்கள் 1971-ல் அலாஸ்கா நில உரிமைச் சட்டம் வந்தபோது பணப்பங்கை விட்டுவிட்டுத் தங்கள் தீவின் நிலத்தையே எடுத்துக்கொண்டவர்கள். சொந்தம் என்பதைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், கேட்டபின் 'வேண்டாம்' என்றால் செய்யாமல் இருக்க வேண்டும்.

நான் தமிழ்தான் தெரிந்தவன். இதில் எங்கே தொடங்குவது?

ஃபோமாவை இறக்கிக்கொள்ளுங்கள். தமிழுக்கும் அதே மென்பொருளில் பகுப்பாய்வி வந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சர்வேஸ்வரனும் அவரோடு சேர்ந்தவர்களும் உருவாக்கிய 'தமிழிமார்ஃப்'. அதைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் நீங்களே ஒன்று எழுதிப் பாருங்கள். மரம், பாடம், குளம் என்று மூன்று சொற்கள். ஐ, இல், கு என்று மூன்று உருபுகள். உருபு வந்தால் ஈற்று 'ம்' போய் 'த்து' வரும் என்று ஒரு விதி. 'மரத்துஐ' என்று வந்து நிற்கும், உகரத்தைக் கெடுக்க இன்னொரு விதி எழுதுவீர்கள். 'கு' வரும்போது மட்டும் அந்த உகரம் கெடாமல் இடையில் ஒரு 'க்' வர வேண்டும், அதற்கு மற்றொன்று. மரத்தை, பாடத்தில், குளத்துக்கு என்று வரிசையாக வரும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

அப்புறம் நண்பர் ஒருவரின் பெயரைப் பட்டியலில் சேர்ப்பீர்கள். கருவி 'விக்ரத்தைப் பார்த்தேன்' என்று எழுதிக் கொடுக்கும்.